சலசல, பொலபொல, விண்விண்

பொலபொலவென்று விடிந்தது. எத்தனை கதைகளில் படித்தாயிற்று. இதில் உதிர்வது எது?

கண்ணீர் பொலபொலவென்று உதிரும். முற்றிய கதிரைத் தொட்டால் நெல் பொலபொலவென்று உதிரும். காய்ச்சலுக்குப் பிறகு சீப்பில் முடியும் அப்படித்தான். விடியலும் இதே வரிசையில் நிற்கிறது.

உதிர்வது இருட்டா, வெளிச்சமா. சொல் அதைச் சொல்லவில்லை.

இரட்டைக்கிளவி. கிளவி என்றால் சொல்.

பள்ளிக்கூடச் சோதனை: பிரித்துப் பார். ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரித்தால் ஒரு பாம்பாவது மிஞ்சும். அது அடுக்குத்தொடர். ‘சலசல’ என்பதைப் பிரித்தால் ‘சல’. அப்படி ஒரு சொல் இல்லை.

விதி பழையது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இருக்கிறது. இரட்டையாகவே நிற்கும், பிரிந்து ஒலிக்காது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் அந்தச் சூத்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

1998இல் ‘ஜீன்ஸ்’ படம். வைரமுத்துவின் பாட்டொன்றில் இரட்டைக்கிளவி என்ற இலக்கணப் பெயரே வருகிறது. ஊரெல்லாம் பாடியது. படம் இரட்டைச் சகோதரர்களின் கதை.

‘பட’வை மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

பட்: ஒரு தடவை, சின்னது. நூல் அறுகிறது.

படக்: ஒரு தடவை, வேகம், உடனே நின்றுவிடும். தலையைத் திருப்புவது.

படார்: ஒரு தடவை, பெரியது. காற்றில் கதவு சாத்திக்கொள்வது.

படீர்: ஒரு தடவை, கூர்மை. ஏதோ வெடித்துவிட்டது.

படபட: பல தடவை. எத்தனை என்று எண்ண முடியாது. புறாவின் இறக்கை, பொரியும் கடுகு, மார்பு.

பிறகு படபடத்தது, படபடப்பு, ‘படபடன்னு பேசாதே’.

சட், சடக், சடார், சடசட. தட், தடக், தடால், தடதட. ஒரு வாய்பாடு ஓடுகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ‘தடக்’கையும் ‘தடால்’ஐயும் அது மாற்றிச் சொல்வதும் இல்லை.

கைதட்டினால் எதிரொலி தனியாகக் கேட்க, நடுவே பத்தில் ஒரு நொடியாவது இடைவெளி வேண்டும். அதற்குச் சுவர் ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்கும் கிட்டத்தில் இருந்தால் காது இரண்டையும் ஒன்றாகவே வாங்கிக்கொள்ளும்.

இரட்டு. சங்கப் பாட்டுகளில் அடிக்கடி வரும் சொல். யானையின் இரண்டு பக்கமும் தொங்கும் மணிகள் இரட்டும். உரைகாரர் சொல்லும் பொருள்: மாறி மாறி ஒலித்தல்.

இந்தப் பக்கத்து மணி. அந்தப் பக்கத்து மணி. நடப்பது ஒரே யானை.

நன்னூலின் உரியியலில் ஓசைக்கு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட சொற்கள். முழக்கு, கலி, துவை, இமிழ், குரை, சிலை, சும்மை, கம்பலை, ஆர்ப்பு. ‘முழக்கு’க்கு அடுத்தபடியாக ‘இரட்டு’.

இமிழ், துவை, கம்பலை. இன்று யார் வாயிலும் இல்லை. சலசல இருக்கிறது. புலவர் கைக்கொண்டவை போய்விட்டன. இலக்கணம் ஒரே வரியில் கடந்துபோனவை வீட்டுக்குள் தங்கிவிட்டன.

தமிழ்ச் சொல் ட, ர, ல எழுத்துகளில் தொடங்காது. பழைய விதி.

டமடம. லொடலொட. லபக். ரீங்காரம். டக்.

இன்று நாம் படிக்கும் தொல்காப்பியப் பாடத்தின்படி, சகரம் அகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது. சலசல, சடசட, சரசர மூன்றும் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. நன்னூல் சகரத்துக்கு இடம் கொடுத்துவிட்டது.

சொல்லின் கடைசியில் க், ச், ட், ப் நிற்கக்கூடாது. அதுவும் விதி.

டக். பளிச். பட். குப்.

நிற்க முடியாதவற்றுக்கு ஒரு துணை: ‘என்று’. டக்கென்று, பளிச்சென்று, பட்டென்று, குப்பென்று. மெய் இரட்டிக்கும், உயிர் வந்து ஏறும், சொல் தமிழாகிவிடும்.

‘என்’ என்பது வினைச்சொல். பொருள்: சொல்லுதல்.

ஆறு சலசலவென்று ஓடியது. சலசல என்று சொல்லிக்கொண்டு ஓடியது. தகரம் தடதடவென்றது. தடதட என்று சொன்னது.

பல்லி கத்துவதில்லை, கூவுவதில்லை. பல்லி சொல்லும்.

தொல்காப்பிய இடையியலில் ‘என’ வரும் இடங்கள் ஆறு: வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர். ஓசை அந்த ஆறில் ஒன்று மட்டும். உரைகாரர் காட்டும் சொற்களில் மூன்று: துண்ணென, ஒல்லென, வெள்ளென. முதலாவது நடுக்கம். அடுத்தது ஓசை. மூன்றாவது நிறம். மூன்றுக்கும் ஒரே ‘என’.

வெண்மை என்ன சொல்லியிருக்கும்.

இரட்டைக்கிளவியையும் உரைகாரர்கள் மூன்றாகத்தான் பிரிக்கிறார்கள். இசை, குறிப்பு, பண்பு.

காதுக்கு எட்டாதவற்றை எழுதி வைக்கிறேன்.

பளபள, மினுமினு, தகதக: கண்.

கமகம: மூக்கு.

வழவழ, சொரசொர, கொழகொழ, பிசுபிசு: விரல்.

வெதுவெது, குளுகுளு, சிலுசிலு: தோல்.

துறுதுறு: குழந்தை.

திருதிரு: அகப்பட்டுக்கொண்டவனின் கண்.

குறுகுறு: மனசு.

மொறுமொறு எந்தப் பட்டியலில்? பல்லிலா, காதிலா, நாக்கிலா. முறுக்கைக் கடிப்பவரைக் கேட்டால் மூன்றையும் சொல்வார்.

மருத்துவமனை வரிசை. எனக்கு முன்னால் ஒரு பாட்டி. “விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா. ராத்திரி ஆனா மதமதன்னு ஆயிடுது.” இளம் டாக்டர் தமிழ்ப் பெண்தான். தலையசைத்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

வலிக்கு மட்டும்: விண்விண், சுருக்சுருக். அரிப்புக்கு நமநம. எரிச்சலுக்குத் திகுதிகு. தலைக்குக் கிறுகிறு. பசிக்குக் கபகப. அஜீரணத்துக்குக் கடமுட. மார்புக்குப் படபட. உடம்பு நடுங்கினால் வெடவெட.

படபடப்பு, சீட்டில் ‘பால்பிடேஷன்’ ஆகிவிடும். விண்விண் ‘த்ராபிங்’. மதமதப்பு ‘நம்ப்னெஸ்’. நமநமவுக்கு என்ன எழுதுவார்கள்? மூக்குக்குள் நமநம வேறு, முதுகில் அரிப்பது வேறு.

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் இந்தச் சொற்களுக்காக ஒரு வகுப்பு இருக்கலாம். இருக்க வேண்டும். பாட்டி சொன்னதில் நோய்க்குறி முழுக்க இருந்தது: துடிப்பு, அதன் இடைவெளி, பொழுது.

“வா.” கட்டளை. “வா வா.” வரவேற்பு.

“சரி.” ஒப்புதல். “சரி சரி.” பேச்சு முடிந்தது, கிளம்பு.

“பாத்து செஞ்சார்.” கவனம். “பாத்துப் பாத்து செஞ்சார்.” அன்பு.

பேருந்து நடத்துநரின் விசில். ஒன்று: நில். இரண்டு: போ.

அடுக்குத்தொடருக்கு எல்லை வைத்திருக்கிறார் தொல்காப்பியர். செய்யுளில் ஓசை நிறைய நான்கு வரை அடுக்கலாம். அவசரத்தில் மூன்று வரை. உரைகாரர் காட்டும் அவசரம்: தீத்தீத்தீ.

அவசரத்துக்கு மூன்று போதும் என்பதை எங்கே நின்று கேட்டிருப்பார். எந்த ஊரில் எந்தக் கூரை எரிந்தது.

ஏலம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

ஏலக்காரர் மூன்றாவதைச் சொல்லும் முன் ஒரு மூச்சு நிறுத்துவார். எல்லோரும் அந்த இடத்தில் அவர் வாயைப் பார்ப்பார்கள்.

வீட்டில் மிகச் சின்னவர் பாப்பா. மிகப் பெரியவர் தாத்தா. நடுவில் மாமா.

குழந்தையின் சோறு மம்மம்.

தாலாட்டு. தால் என்றால் நாக்கு. ஆட்டுவது தொட்டிலை மட்டும் அல்ல.

செய்தித்தாள் தலைப்புகள். ‘வாக்குப்பதிவு விறுவிறு.’ ‘தங்கம் விலை கிடுகிடு உயர்வு.’ அடுத்த வாரம்: ‘கிடுகிடு சரிவு.’

ஏறினாலும் கிடுகிடு, இறங்கினாலும் கிடுகிடு. மலைப் பாதையில் கிடுகிடு பள்ளம். பயத்தில் கால் கிடுகிடு.

மளமளவும் அப்படித்தான். கட்டடம் மளமளவென்று எழும்பும். மரம் மளமளவென்று சாயும்.

கலகல. வளையல், சில்லறைக் காசு, சிரிப்பு. வீடு கலகலப்பாக இருக்கிறது.

கலகலத்துப்போன நாற்காலி. மூட்டெல்லாம் கழன்றது. கட்சி கலகலத்துவிட்டது.

சிரிப்பிலும் ஏதோ கழன்றுகொள்கிறது. இருக்கலாம். எழுதி வைக்கிறேன், முடிவு செய்யவில்லை.

தளதள. உலையில் சோறு கொதிப்பது. முளைக்கீரைக் கட்டு. இரண்டும் தளதள. ஒன்று கேட்கிறது, ஒன்று கேட்கவில்லை.

ஒரு கனடாக்காரர். மறே எமனோ. 1904இல் நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 1930களில் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். தாமஸ் பரோவோடு சேர்ந்து அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இல் வந்தது.

1969இல் ஒரு கட்டுரை, இந்த ஒலிச் சொற்களுக்காகவே. இப்படி இரட்டித்து வரும் பாங்கு திராவிட மொழிகளோடு நிற்கவில்லை, இந்தியாவின் பிற குடும்பத்து மொழிகளுக்கும் பொதுவானது என்று காட்டினார்.

தெலுங்கர் சிரிப்பது கிலகில. பலமாகச் சிரித்தால் பகபக. இந்தியில் கதவைத் தட்டுவதற்கான வினையே ‘கட்கடானா’.

ஒரே கதவு, ஒரே விரல் முட்டி. ஆளுக்கு ஓர் எழுத்து.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதில் இவற்றைத் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. பொலபொலெனல், சலசலெனல் என்று ‘எனல்’ சேர்த்துத் தேட வேண்டும்.

எனல். சொல்லுதல். அகராதிக்குள்ளும் அந்தத் துணையோடுதான் நுழைந்திருக்கின்றன.

“காபி கீபி சாப்பிடறீங்களா?” “பாம்பு கீம்பு இருக்கப்போகுது, பாத்துப் போ.” “பணம் கிணம் ஏதாவது வேணுமா?”

முதலெழுத்து போய்விடும், ‘கி’ வரும். நெடிலாக இருந்தால் ‘கீ’. அளவு மாறாது, மற்றது அப்படியே. கீபி என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஆனால் அதைச் சேர்த்துக் கேட்டால் டீ, மோர், சுக்குத் தண்ணீர் எல்லாம் அழைப்புக்குள் வந்துவிடுகின்றன.

வெறும் “பணம் வேணுமா?” என்று கேட்டிருந்தால் வாங்குபவருக்குக் கூசியிருக்கும். கிணம் அந்தக் கூச்சத்தை எடுத்துவிடுகிறது.

கிளிக்கு என்ன செய்வது. கிளி கிளி? நாக்கு அங்கே தயங்குகிறது.

மிருதங்கத்தில் முதல் பாடம் த, தி, தொம், நம். அதைக் கலைஞர்கள் ‘சொல்’ என்கிறார்கள். அடி என்பதில்லை. ஒரு வாசிப்பை ரசித்தால் “சொல் சுத்தமா விழுது”.

தகிட மூன்று. தகதிமி நான்கு. தகதகிட ஐந்து. இவற்றுக்கும் பொருள் இல்லை. கணக்கு மட்டும் உண்டு, பிசகாத கணக்கு.

திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டுக்கு மேலே சந்தக் குழிப்பு அச்சிட்டிருக்கும். தன, தத்த, தந்த, தான. பாட்டு எழுதும் முன் காதில் ஓடியதன் வரைபடம். அருணகிரிநாதர் காலம் 15ஆம் நூற்றாண்டு. வரைபடத்தை மட்டும் வாய்விட்டுப் படித்தாலும் கால் தாளம் போடுகிறது.

கிலுகிலுப்பை. பனையோலையில் முடைந்தது, உள்ளே சிறு கற்கள். செடியிலும் ஒரு கிலுகிலுப்பை உண்டு. காய் காய்ந்ததும் விதை கழன்று உள்ளே உருளும். தாவரவியல் பெயர் க்ரோட்டலேரியா; கிரேக்கத்தில் கைத்தாளக் கருவியின் பெயரிலிருந்து வந்தது. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும் இந்த இனம்தான்.

பெயர் வைத்தவரும் காயைக் காதருகே வைத்துக் குலுக்கியிருப்பார்.

செம்மார்புக் குக்குறுவான். அரசமரத்து உச்சியில் உட்கார்ந்து உச்சிவெயிலில் ஓயாமல் ஒரே ஒலி. தமிழ்ப் பெயர் அதன் குரலையே வைத்துக்கொண்டது. ஆங்கிலேயர் ‘காப்பர்ஸ்மித்’ என்றார்கள்: செம்பு தட்டும் கன்னார்.

கன்னார் தெருக்கள் குறைந்துவிட்டன. இப்போது அந்தச் சுத்தியலின் ஓசையை அறிய வேண்டுமென்றால் பறவையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ரயில். தடக் தடக், தடக் தடக். தண்டவாளத்தை 13 மீட்டர்த் துண்டுகளாக வைத்து முடுக்கிய காலத்து ஓசை. இணைப்பில் சின்ன இடைவெளி, சக்கரம் அதில் விழுந்து எழும். இப்போது துண்டுகளைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள்.

குழந்தைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டுகிறார்கள். வாயில் இன்னும் குப்குப், கூ. அந்தப் பிள்ளைகளில் யாரும் நிலக்கரிப் புகையைப் பார்த்ததில்லை.

உரல் உலக்கை: தொம் தொம். ஏற்றம்: கிறீச். தையல் இயந்திரம்: கடகட. தட்டச்சு: டகடக, ஓரத்தில் ஒரு டிங்.

தேதி போட்டு வைக்க வேண்டிய சொற்கள். எந்தக் கருவி, எந்த ஊர், யார் வாயில் கேட்டது. பொருளை மட்டும் எழுதி வைத்தால் போதாது. ‘ஓர் ஒலிக்குறிப்பு’ என்று எழுதிவிட்டுப் போனால் அடுத்த தலைமுறைக்கு அதில் ஒன்றும் கேட்காது.

புதியதும் வருகிறது. புல்லட் வண்டி: டுபுடுபு. யார் முதலில் சொன்னது தெரியாது, தமிழ்நாடு முழுக்க அதே சொல்தான். ட-வில் தொடங்குகிறது. இரட்டித்திருக்கிறது. பிரித்தால் பொருள் இல்லை.

மேசையில் வைத்த கைபேசியின் அதிர்வு: ஒருவர் உர்ர் உர்ர் என்கிறார், இன்னொருவர் கிர் கிர். இன்னும் முடிவாகவில்லை. இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

கப்சிப். வாயை மூடுவதற்கும் இரண்டு அசை.

நைநை, தொணதொண, வளவள, லொடலொட, சளசள. பேச்சுக்குத் தமிழில் இத்தனை. பேசுபவரைத் திட்டுவதற்கென்றே எல்லாம். நல்ல பேச்சுக்கு என்ன இருக்கிறது? மடமட, கணீர். கணீர் ஒற்றை.

முணுமுணு, கிசுகிசு. இரண்டும் மெல்லிய குரல். முணுமுணுப்பவருக்கு எதிரே ஆள் வேண்டாம். கிசுகிசுக்கு வேண்டும்.

குறளில் ‘பொள்ளென’ என்று ஒரு சொல் வருகிறது. பகைவர் மீது கோபத்தைப் பொள்ளென வெளியே காட்டிவிடாதே என்ற இடம். இன்று அந்த இடத்தில் பொசுக்கென்று என்போம். “பொசுக்குனு கோவம் வந்துருச்சு.” பொள் போய்விட்டது. பொ நிற்கிறது.

கேட்க வேண்டியவை:

தறிக்காரரிடம்: நாடா போவதற்கும் வருவதற்கும் ஒரே ஒலியா, இரண்டா?

மிருதங்கக்காரரிடம்: வலந்தலைக்கு ஒரு சொல், இடப்பக்கத்துத் தொப்பிக்கு ஒரு சொல், இரண்டும் ஒரே நேரத்தில் விழும்போது வாய் எதைச் சொல்கிறது?

மீனவரிடம்: அலைக்கு எத்தனை சொல்? படகின் அடியில் மோதுவதற்கும் கரையில் உடைவதற்கும் தனித்தனியாக இருக்கிறதா?

செவிலியரிடம்: நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்கள், வட்டாரம் வட்டாரமாக.

நெல் தூற்றியவரிடம்: பதருக்கும் மணிக்கும் விழும் ஓசையில் என்ன வேறுபாடு? அதற்குச் சொல் உண்டா?

முதலில் செவிலியர். பாட்டிகள் இன்னும் வரிசையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.